தேவதானத்துக்கு எந்த ஐயர்?

1938 ஆகஸ்ட் 16, செவ்வாய்

திருச்சபை என்றால் என்ன, அது எதற்கு என்று பேச எங்கள் சபையாரும் இன்னொரு சபையாரும் இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடினோம். எங்கள் பாதிரி ஐயருக்குக் கீழே உபதேசியார் என்பதால் குறிப்பெழுதும் வேலை எனக்கு. பிஷப் கைவைத்துக் குருப்பட்டம் கொடுக்காத போதகரிடம் எங்கள் ஜனங்கள் நற்கருணை வாங்கலாமா என்பதிலேயே சாயங்காலமாகிவிட்டது. முடிவு இல்லை.

ராஜபாளையம் பஸ்ஸில் தேவதானத்து நாயக்கர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உபதேசியாரே, உங்க சபை ஞானப்பூ சாகக் கெடையா கெடக்கா. நற்கருணை வேணும்னு அழுதா. அடுத்த தெருவுலயே ஒரு ஐயரு இருக்காரே, அவரக் கூப்பிட்டா என்ன?"

"அவரு வேற சபை. பிஷப் கைவச்ச ஐயரு இல்ல."

"வேதக்காரவுகள்ல அது என்னய்யா வேற?"

மடியிலிருந்த பன்னிரண்டு பக்கக் குறிப்பிலும் அதற்குப் பதில் இல்லை.

எங்கள் ஐயர் தேவதானம் வர ஞாயிறு ஆகும். ஞானப்பூ அதுவரை தாங்கமாட்டாள். விடிந்ததும் நானே போய் அந்த ஐயரை அவள் வீட்டுக்குக் கூட்டிப்போகப்போகிறேன். வேலை போனால் போகட்டும். அடுத்த கூட்டத்தில் என்னை விசாரிப்பார்கள். அந்தக் குறிப்பையும் நானேதான் எழுதுவேன்.