இரண்டு எண்ணிக்கையும் சரிதானாம்

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

வணக்கம். முழங்கால் தேவலை என்று நீங்கள் எழுதுகிறீர்கள். மாடிப்படி ஏறுவதே இல்லை என்று அண்ணி எழுதுகிறார். யாரை நம்புவது?

பத்திரிகை அலுவலகத்தில் எனக்கும் இதே தொல்லை. பங்குச் சந்தையில் எத்தனை பங்குகள் ஏறின, எத்தனை இறங்கின என்ற பெட்டியைச் சரிபார்ப்பது என் வேலை. திங்களன்று எங்கள் பெட்டியில் ஏறியவை அதிகம். போட்டிப் பத்திரிகையில் இறங்கியவை அதிகம்.

"அம்மா, கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கிறீங்களா?" என்றார் ஆசிரியர்.

"மேடத்துக்குக் கண்ணு மங்கிடுச்சு போல" என்று பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். கான்வென்ட்டில் படித்த நானா தப்புச் செய்வேன்? என்னை வீட்டுக்கு அனுப்ப அவள்தான் எண்களை மாற்றினாள் என்று நினைத்து, என் கணக்குத் தாள்கள் இருக்கும் இழுப்பறையைப் பூட்டத் தொடங்கினேன்.

பிறகு, தகவல் தரும் இரு நிறுவனங்களையும் நானே தொலைபேசியில் பிடித்தேன். "நாங்க ஃபண்டையும் சேர்த்துதாம்மா எண்ணுவோம்" என்றார் எங்களுக்குத் தருபவர். "நாங்க கம்பெனிப் பங்கு மட்டும்தான்" என்றார் மற்றவர். பங்கு போலவே சந்தையில் விற்கும் முதலீட்டு நிதிகளைத்தான் ஃபண்டு என்கிறார்கள்; அன்று ஏறியவை பெரும்பாலும் அவை. இரண்டும் சரி, எதை எண்ணினோம் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. இப்போது பெட்டியின் அடியில் அதைச் சொல்லும் ஒரு வரி வருகிறது, நான் எழுதியது. ஆசிரியர் மன்னிப்புக் கேட்கவில்லை. இழுப்பறை இன்னும் பூட்டியே இருக்கிறது.

என் பழைய சால்வையை அனுப்புங்கள். கூடவே நாலு பக்கம் எழுதுங்கள். எதைச் சேர்க்காமல் 'தேவலை' என்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பேருந்து வந்துவிட்டது. நான் நலம். எதைச் சேர்க்காமல் என்று என்னைக் கேட்க வேண்டாம்.

உங்கள் தங்கை