போர்த்தோபெலோவுக்கு நடக்கிறவள்

அக்டோபர் 3

நான் ஓட்டுகிற பள்ளி வேனின் பிரேக் மறுபடியும் கிறீச்சிடுகிறது. மெக்கானிக் நாளை, நாளை என்கிறான். மழை விட்டபாடில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு உபால்தினா வந்தாள். இந்த மாதக் கடைசியில் கடலோர ஊரான போர்த்தோபெலோ போய்வரலாம் என்று பேசினோம். இருபத்தொன்றாம் தேதி கறுப்பு இயேசுவின் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, நிதானமாக. கோட்டைச் சுவரில் பீரங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய்ச் சோறும் பொரித்த மீனும் சாப்பிட வேண்டும். எனக்கு அவ்வளவு போதும்.

"திருவிழாவுக்கே வாயேன்டி. வருஷா வருஷம் நடந்து போறவதானே நீ," என்றாள்.

நானா?

"போன வருஷம் மரியா சிக்கீத்தா ஊர் ரோட்டு வளைவுல உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு. நேர்ச்சைக்காரங்க போடுற ஊதா அங்கி, வெறுங்கால். திரும்பிக்கூடப் பார்க்கல. அவ்வளவு கர்வமா உனக்கு?"

போன வருஷம் அன்றைக்கு நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தேன். அந்தத் திருவிழாவுக்கு வாழ்க்கையில் ஒருமுறைகூடப் போனதில்லை. சொன்னால் நம்பினால்தானே? முதலில் கண்ணாடியை மாற்று என்றேன்.

அக்டோபர் 6

தங்க இடம் கேட்டு ஃபுல்வியோவுக்குப் போன் செய்தேன். சித்தப்பா மகன். போர்த்தோபெலோ போகிற சாலையில் மீன் பொரித்து விற்கிறான்.

"வழக்கம்போல நம்ம கடையில தண்ணி குடிச்சிட்டுப் போவீங்கல்ல, அக்கா?"

என்னடா வழக்கம் என்றேன்.

"ரெண்டு வருஷமா வர்றீங்க, குடிக்கிறீங்க, ஒரு வார்த்தை பேசாம போறீங்க. மௌன விரதமாக்கும்னு நானும் விட்டுட்டேன். ஆமா, அந்த வலது கால் எப்படி இருக்கு? இழுத்து இழுத்து நடந்தீங்களே."

என் கால்கள் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. வலது காலை இழுத்து நடந்தவள் எடில்மா. என் அக்கா. அவள் செத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

எனக்கும் அவளுக்கும் ஒரே முகம். பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிறவளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேறென்ன செய்வார்கள்?

அக்டோபர் 7

தூங்கவில்லை.

அக்டோபர் 10

"இப்ப என்ன சொல்ற?" என்று உபால்தினா தன் போனை நீட்டினாள். போன வருஷம் எடுத்த படம். ஊதா அங்கி போட்ட முதுகு. தலைத்துணியின் முடிச்சு இடது காதுக்கு மேலே. எடில்மா சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் கட்டுவாள். நான் தலையில் துணியே கட்டுவதில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அக்டோபர் 12

ஆறு வருஷத்துக்கு முன் எனக்கு வயிற்றில் கட்டி. உள்ளே என்னை அறுத்துக்கொண்டிருந்தபோது வெளியே எடில்மா மண்டியிட்டுக் கறுப்பு இயேசுவிடம் நேர்ந்துகொண்டாள் — என் தங்கை பிழைத்தால், அவள் உயிரோடு இருக்கிற வரை வருஷந்தோறும் உன்னிடம் வெறுங்காலோடு நடந்து வருவாள் என்று. என்னைக் கேட்டாளா? கண் விழித்ததும் சிரித்துக்கொண்டே வந்து சொல்கிறாள்! "உன் வாய்தானே நேர்ந்துச்சு, உன் காலே நடக்கட்டும்," என்றேன்.

"சரிடி. நடந்தாப் போச்சு."

நடந்தாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு, சாகிற வரைக்கும். அதற்குப் பிறகும் நடப்பாள் என்று யார் கண்டது?

என் உயிர் இருக்கிற வரை. அதுதானே பேச்சு? எனக்கு ஐம்பத்து நான்கு வயது. எங்கள் அம்மா தொண்ணூறைத் தாண்டித்தான் போனாள். ஐயோ, அத்தனை வருஷமும் இவ நடக்கணுமா? அந்தத் தார் ரோட்டுல? போதும்க்கா. உட்காருக்கா.

அக்டோபர் 15

திட்டம் மாறிவிட்டது. திருவிழாவுக்கே போகிறேன், நடந்து. உபால்தினா ஊதாத் துணி வாங்கி வந்து அளவெடுத்தாள்.

"போன வருஷத்து அங்கி எங்கடி?"

"எல்லாரையும்போலக் கோயில் வாசல்லயே கழட்டிப் போட்டுட்டேன்," என்றேன். அது பொய்தானா என்றுகூட இப்போது தெரியவில்லை.

அக்டோபர் 18

பையில் மெழுகுவர்த்தி, மாற்றுடை, தண்ணீர். கட்டிலுக்கு அடியில் எடில்மாவின் மஞ்சள் ரப்பர் செருப்பு கிடந்தது. கடைசியில் கால் வீங்கி அது நுழையவில்லை, வெறுங்காலோடுதான் புதைத்தோம். அதையும் பையில் வைத்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது.

அக்டோபர் 22

நேற்று விடியற்காலையில் சபனீத்தாஸிலிருந்து வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தேன். முட்டி வலி என்று உபால்தினா பஸ்ஸில் போய்விட்டாள். நடுப்பகலுக்குள் உள்ளங்கால் வெந்துவிட்டது. நேர்ந்துகொண்டவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள் — என்ன ஜென்மங்களோ!

மரியா சிக்கீத்தா வளைவில் மழை பிடித்தது. எனக்கு முன்னால் ஒரு ஊதா முதுகு. முடிச்சு இடது காதுக்கு மேலே. அவ்வளவு கூட்டத்தின் பாட்டுச் சத்தத்திலும் அது மட்டும் தனியாகக் கேட்டது — வலது காலைத் தார் மேல் இழுக்கிற சத்தம்.

அவள் நடையைக் குறைத்தாள். நான் பக்கத்தில் போனேன். அவள் காலுக்குத் தேய்க்கிற தைலத்தின் வாடை. முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன்.

"நான் வந்துட்டேன்க்கா. இனிமே நான் நடக்கிறேன்," என்றேன்.

அவளைத் தாண்டி நடந்தேன். பின்னால் அந்தச் சத்தம் நின்றுபோனது. திரும்பவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஃபுல்வியோவின் கடை. தண்ணீர் குடித்தேன். அவன் மீனைத் திருப்புகிற நேரம் பார்த்து, செருப்பை பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு நடந்தேன். இருட்டிய பிறகு கோயில். அழுதேன். அங்கியைக் கழற்றி வாசலில் போட்டேன். கோட்டைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

அக்டோபர் 24

ஃபுல்வியோ போன் செய்தான்.

"ஏன்க்கா, இந்த வருஷம் கோயிலுக்குப் போகாம பாதியிலேயே நின்னுட்டீங்க? தண்ணி குடிச்சிட்டுப் போனவங்க திரும்பி வந்து பெஞ்சுல உட்கார்ந்துட்டீங்களே. சாயங்காலம் வரைக்கும் காலை நீட்டிக்கிட்டு, ரோட்டுல போறவங்களை வேடிக்கை பார்த்துக்கிட்டு! ஒரு முழு மீன் தின்னீங்க. இந்த ரெண்டு வருஷத்துல உங்க சிரிப்பையே இப்பத்தான் பார்க்கிறேன்."

"கால் வலிச்சுதுடா," என்றேன். "பெஞ்சுக்கு அடியில ஒரு மஞ்சள் செருப்பு கிடக்கா, பாரு."

"அதைத்தானே போட்டுக்கிட்டுப் போனீங்க?"

எந்தப் பக்கம் போனேன் என்று கேட்டேன்.

"கடல் பக்கமா. கால் வலின்னு சொல்றீங்க, ஆனா நல்லாத்தானே நடந்தீங்க? இழுக்கவே இல்லையே."

கொப்புளங்கள் உடைந்து எரிகின்றன. உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அடுத்த வருஷத்துக்குள் நடந்து பழக வேண்டும்.