இடுப்பில் பெரியதா, சின்னதா

பிப்ரவரி 7, செவ்வாய்

பதினான்காம் எண் பள்ளிப் பேருந்தின் பிரேக்கைப் பிரித்துப் போட்டிருந்தேன். முழங்கை வரை கிரீஸ். அந்த நேரம் பார்த்து பாஸ்டர் ஹாலிஸ் பணிமனைக்கே வந்துவிட்டார்.

"பிரதர் வர்ஜில், பத்தொம்பது வருஷமா சபை வாசல்ல நிக்கிறீங்க. இனிமே சும்மா நிக்க முடியாது."

"வேற எப்படி நிக்கணும்?"

"இடுப்புல ஒன்னு வச்சுக்கிட்டு."

பக்கத்து மாநிலத்தில் ஒரு சபைக்குள் எவனோ புகுந்து சுட்டதைச் சொன்னார். மூப்பர்கள் கூடி முடிவெடுத்தார்களாம். துப்பாக்கி கோட்டுக்குள் இருக்க வேண்டும், யாருக்கும் தெரியக் கூடாது. சரி என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகுதான் எதற்குச் சரி என்றோம் என்று யோசித்தேன்.

ராய்ஸ் ஃபியூகேட் பெயரை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பதினோரு வருஷம் என் பக்கத்தில் நின்று பேருந்து பிரித்தவன். குடியால் போன இலையுதிர் காலத்தில் அவன் வேலை போயிற்று. ஜனவரியில் மனைவி மார்சியும் அவனை விட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் சபையில் பியானோ வாசிப்பவள் அவள்தான். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு ராய்ஸ் சபை முற்றத்தில் வண்டியை நிறுத்தி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

பக்கத்து மாநிலமாம்.

பிப்ரவரி 8, புதன்

மனைவி நாடினிடம் சொன்னேன். பீன்ஸைக் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"மான் வேட்டைக்குப் போற துப்பாக்கிய பார்த்துதான் முப்பது வருஷம் குடித்தனம் பண்ணிட்டேன். அது சரி. இது யாரை நெனச்சு வாங்குற?"

"யாரையும் நெனச்சு இல்ல."

"அப்புறம் ஏன் என் மூஞ்சியப் பார்க்காம பேசுற?"

பிப்ரவரி 11, சனி

ட்வைலா கோம்ஸின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். ஷெரீஃப் அலுவலகத்தில் இருபத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். கடைக்குப் பின்னாலேயே சுடும் இடம் வைத்திருக்கிறாள். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"கோட்டுக்குள்ள மறைக்கணும், அவ்வளவுதானே? ரெண்டு வழி இருக்கு. பெருசு சுடறதுக்கு லேசு, சுமக்கறதுக்குக் கஷ்டம். சின்னது சுமக்கறதுக்கு லேசு, சுடறதுக்குக் கஷ்டம். உனக்கு எந்தக் கஷ்டம் வேணும்னு நீதான் சொல்லணும்."

சின்னதுதான் சுட எளிது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சிரித்தாள். "எல்லா ஆம்பளையும் அப்படித்தான் நெனக்கிறான். பொண்டாட்டிக்கு வாங்கறப்ப சின்னதாப் பார்த்து வாங்கிக் குடுத்துட்டு, அது அவ கைய ஒடிச்சதும் திருப்பிக் கொண்டு வரான்."

ஏழு கெஜத்தில் இரண்டையும் சுட்டுப் பார்த்தேன். பெரியது உள்ளங்கை நிறைய உட்கார்ந்தது. அதன் கனமே அதை அடக்கிவிடுகிறது. இருபதில் பதினெட்டு குறித்தட்டுக்குள். சின்னதில் என் சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமே இல்லை, அந்தரத்தில் தொங்கியது. ஒவ்வொரு குண்டுக்கும் எகிறிக் குதித்தது. இருபதில் பதினொன்று. கை இன்னும் காந்துகிறது.

அப்போ பெரியதுதானே? விஷயம் முடிந்தது.

பிப்ரவரி 12, ஞாயிறு

முடியவில்லை. ட்வைலா பழகிப் பார்க்கச் சொல்லி பெரியதன் அளவிலேயே ஒரு பிளாஸ்டிக் பொம்மையும் உறையும் கொடுத்திருந்தாள். சாம்பல் கோட்டுக்குள் போட்டு வீட்டுக்குள் நடந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் விலாவில் குத்துகிறது. கீழே விழுந்த அறிவிப்புத் தாளை எடுப்பது போலக் குனிந்தால் கோட்டு தூக்கிக்கொண்டு பிடி துருத்துகிறது.

நாடின் வாசலில் நின்று பார்த்தாள். "சட்டைக்குள்ள சுத்தியல ஒளிச்ச மாதிரி இருக்கு. பைபிளுக்குப் பதிலா நேரா அதையே தூக்கிட்டுப் போயிடேன்."

பிப்ரவரி 14, செவ்வாய்

நாடினுக்கு சாக்லேட் வாங்க மறந்துவிட்டேன். மதிய உணவு நேரம் முழுக்க துப்பாக்கிகளின் எடையை எழுதிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 18, சனி

சபை காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போய் தப்படி வைத்து அளந்தேன். வாசலிலிருந்து பியானோ வரை இருபத்திரண்டு. அங்கிருந்து ட்வைலா கடைக்குப் போய் அதே தூரத்தில் குறித்தாளை வைக்கச் சொன்னேன்.

பெரியதில் பத்துக்கு எட்டு. சின்னதில் பத்துக்கு நான்கு.

"மிச்சம் ஆறு எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"மண்மேட்டுக்குள்ள" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "இங்க மண்மேடு. உங்க சபையில என்ன இருக்குன்னு உனக்குத்தான் தெரியும்."

தெரியும். எந்தப் பெஞ்சில் யார் உட்காருவார்கள், யாருக்குக் காது கேட்காது, யார் குழந்தையோடு ஓரத்தில் உட்காருவார்கள், எல்லாம் தெரியும். அந்த ஆறு குண்டுக்கும் என்னால் பெயர் சொல்ல முடியும். சரி, பெரியதில் தப்பிப் போகிற இரண்டுக்கு? அதற்கும் பெயர் உண்டே. அப்போ எது?

பிப்ரவரி 19, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் மார்சி என்னிடம் வந்தாள். மெலிந்துபோயிருக்கிறாள்.

"பிரதர் வர்ஜில், நீங்க வாசல்ல இருப்பீங்கல்ல? எல்லா வாரமும்?"

"இருப்பேன் சிஸ்டர்."

"அங்க உக்காந்து வாசிக்கிறப்ப வாசலுக்கு முதுகு காட்டிட்டு இருக்கேன். வேற வழியில்ல." சொல்லிவிட்டுப் போனவள் திரும்பி வந்தாள். "அவருக்கும் ஒன்னும் ஆகக் கூடாது. புரியுதா?"

புரிகிறது என்றேன். என்ன புரிந்தது? ஒன்றும் புரியவில்லை.

பிப்ரவரி 25, சனி

இதை எழுதிவிட வேண்டும். இன்று கடையில் பெரியதை நீட்டிப் பிடித்திருந்தபோது என் மனம் ஒரு கணக்குப் போட்டது: ராய்ஸ் ஆறடி இரண்டு, அகலமான தோள். அவனை நிறுத்த எது வேண்டும்?

கீழே வைத்துவிட்டேன். நான் உயரம் பார்ப்பது அவனுக்கு. தூரம் அளந்தது அவனுக்கு. என் அம்மா இறந்த வாரம் என் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வருகைப் பதிவேட்டில் என் பெயரில் கையெழுத்துப் போட்டவனுக்கு. நான் என்ன மனுஷன்யா? ஆனால் மார்சி? அவள் முதுகு? போன மாதம் அவள் மணிக்கட்டில் பார்த்த காயம்?

போய்ப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. ஏன்? பயமா? ஒரு போன் போட என்ன பயம்?

மார்ச் 4, சனி

சின்னதை வாங்கினேன். ஏன் என்று ட்வைலா கேட்கவில்லை. "அப்போ வாரா வாரம் வந்து சுடணும். சின்னது சோம்பேறிக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னாள்.

உண்மையைச் சொன்னால், மறைக்க எளிதென்று வாங்கினேன். யாரிடமிருந்து மறைக்க? எல்லாரையும் விட என்னிடமிருந்துதான்.

மார்ச் 12, ஞாயிறு

முதல் முறை வைத்துக்கொண்டு போனேன். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் என்னால் யாரையும் கட்டிப்பிடிக்க முடியவில்லை. எங்கள் வாசலில் கைகுலுக்கல் கிடையாது, வருகிறவர்களைக் கட்டிப்பிடித்துத்தான் உள்ளே அனுப்புவோம். இன்று எல்லாரையும் இடது தோளால் மட்டும் தொட்டு அனுப்பினேன், தோளில் அடிபட்டவன் மாதிரி.

"சுளுக்கா பிரதர்?" என்று நான்கு பேர் கேட்டார்கள். ஆமாம் என்றேன். நான்கு பொய். வீட்டு வாசலில் கூட இல்லை, தேவனுடைய வாசலில்.

மார்ச் 19, ஞாயிறு

அதேதான்.

மார்ச் 26, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் உள்ளே. ராய்ஸின் வண்டி முற்றத்துக்குள் வந்து நின்றது. இறங்கினான். சவரம் செய்திருந்தான், டை கட்டியிருந்தான். தள்ளாடவில்லை. அதுதான் எனக்கு அதிக பயம் தந்தது. என் கை தானாகக் கோட்டு ஓரத்துக்குப் போய்விட்டது.

படியேறி வந்து இரண்டு கையையும் விரித்தான். "என்னடா வர்ஜில், ஊரையே கட்டிப்பிடிப்ப. எனக்கு மட்டும் கிடையாதா?"

கட்டிப்பிடித்துவிட்டான். நான் விலக நேரமில்லை. அவன் மணிக்கட்டு சரியாக அதன் மேல் பட்டது. அப்படியே நின்றான்.

"இது எனக்கா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். ஐந்தாவது பொய் வரவில்லை. "ஆமான்னு நெனக்கிறேன்" என்றேன்.

அவன் தலையாட்டினான். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. தன் கோட்டை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினான், வெறும் இடுப்பு. "என்னுது வண்டியில இருக்கு. உள்ள கொண்டு வரலை. அவ வாசிக்கிறத ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

"எங்க போயிடலாம்னு?"

கீழே பார்த்தான்.

"ராய்ஸ். எங்கடா போகப் போற?"

"வீட்டுக்கு. அப்புறம்... விடு வர்ஜில். உனக்கு ஏன்."

அப்போதுதான் புரிந்தது. அவன் வண்டியில் இருந்தது எங்கள் யாருக்காகவும் இல்லை.

சாவியைக் கேட்டேன். கொடுத்துவிட்டான், குழந்தை மாதிரி. வண்டி இருக்கைக்கு அடியில் துணி சுற்றி வைத்திருந்தான். பெரியது. குண்டுகளைக் கழற்றிவிட்டு அதை என் வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சின்னதையும் அதோடு சேர்த்து. பிறகு அவன் வண்டியில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜன்னலைத் திறந்தால் பியானோ கேட்டது. திறந்து வைத்தேன். ஏதோ ஒரு இடத்தில் பாட்டு நடுவிலேயே நின்றுபோய், பிறகு தட்டுத் தடுமாறித் தொடர்ந்தது. அவன் அழுதான். நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. பழைய டீசல் பம்ப் ஒன்றைப் பற்றிப் பேசினேன் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்தே நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவனாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டு உள்ளே சேர்ந்தான். கதவு மூடும்போது, "பம்புக் கதைய முடிக்கலியே" என்றான்.

மார்ச் 27, திங்கள்

பாஸ்டர் போன் செய்தார். "பிரதர், ஆள் வந்தான்னா எனக்கு ஒரு சத்தம் குடுக்க வேணாமா? வாசலை அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டீங்களே. வேற எவனாவது வந்திருந்தா?"

வந்திருந்தால்? எனக்கும் தெரியாது. அவர் சொல்வதில் தப்பில்லை.

சாயங்காலம் மார்சி வந்தாள். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றாள். அவள் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை.

"இருப்பேன்னு சொன்னீங்க! வாசிச்சிட்டு இருக்கறப்ப திரும்பிப் பார்க்கிறேன். ஜன்னல்ல அவர் வண்டி நிக்குது. வாசல்ல யாருமே இல்ல. நீங்க செத்துக் கிடக்கிறீங்கன்னு நெனச்சேன். அடுத்தது நான்னு நெனச்சேன். விரல் எங்க போகுதுன்னே தெரியாம வாசிச்சேன்!"

நாடின் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். நான் நடந்ததைச் சொன்னேன்.

"அவரைக் காப்பாத்தினீங்க" என்றாள் கடைசியில். "அதுக்காக உங்கள மன்னிக்கணுமா, வேணாமான்னு எனக்குத் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வாக்குக் கொடுத்திருந்தேனா? ராய்ஸுக்கு நான் ஒன்றுமே சொல்லவில்லையே. அப்படியிருந்தும்...

ஏப்ரல் 2, ஞாயிறு

வாசலுக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். மார்சி வாசிக்க வரவில்லை. பியானோ இல்லாமல் பாடினோம், ஆளுக்கொரு சுருதியில்.

ஏப்ரல் 5, புதன்

ராய்ஸுடையதை ட்வைலாவின் பூட்டு அறையில் வைத்தாயிற்று. என்னுடையதை விற்கவா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டு அலமாரியில் கிடக்கிறது. அதை எடுக்கவும் மனமில்லை, கொடுக்கவும் மனமில்லை. மார்சி நினைத்தது போல நான் செத்துக் கிடந்திருந்தால்?

மே 9, செவ்வாய்

மார்சி கேட்டதால் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு நீதிமன்றம் போனேன். ராய்ஸ் அவள் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு கேட்டிருக்கிறாள். "ஒன்னும் பேச வேணாம். பக்கத்துல உக்காந்தா போதும்" என்றாள்.

எங்களை உள்ளே கூப்பிட நேரமாயிற்று. நீளமான நடைபாதை. அந்தக் கோடியில் ராய்ஸ் சுவரில் சாய்ந்து நின்றான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது, அண்ணன் வீட்டில் இருக்கிறான். குடிக்கவில்லை. கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

மார்சி வெகுநேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து காகிதம் சுற்றிய, பன் போல மெத்தென்ற பிஸ்கட் ஒன்றை எடுத்தாள், காலையில் சுட்டது, நடுவில் சாசேஜ் வைத்தது.

"சாப்பிட்டிருக்க மாட்டார். குடுங்க. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

"உத்தரவு வேணாம்னு..."

"உத்தரவு வேணும்" என்றாள் சட்டென்று. "இதையும் குடுங்க."

கொண்டு போய்க் கொடுத்தேன். ராய்ஸ் காகிதத்தைப் பிரித்து மோந்து பார்த்தான். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. நின்றபடியே முழுவதையும் தின்றான்.

நீதிபதி ஒரு வருஷத்துக்கு உத்தரவு போட்டார். எதிர்ப்பு ஏதாவது உண்டா என்று ராய்ஸைக் கேட்டார்.

"இல்லீங்க" என்றான். அவன் தாடியில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது.