டியூபை இறக்கி நாற்காலியை ஏற்றினார்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா?

இந்த அநியாயத்தைக் கேள். பைக் சுற்றுலாவுக்குக் கிளம்பும்போது, என் பெட்டியில் வைத்திருந்த உபரி டியூப் இரண்டையும் இறக்கிவிட்டு, தன் மடக்கு நாற்காலியை ஏற்றிவிட்டார் எங்கள் சூப்பர்வைசர். “பஞ்சர் ஒட்டத்தானே மெக்கானிக் நீ வர்றே?” என்றார்.

மலைப்பாதையில் அவர் வண்டியே பஞ்சர். டியூபில் மூன்று ஓட்டை. கொளுத்தும் வெயிலில் நான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “டியூப் எடுத்துட்டு வர மறந்துட்டான்” என்று எல்லோரிடமும் சொல்கிறார்! பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் மலையிறங்கித் தங்குமிடம் சேர்ந்ததும், “நாற்காலி எங்கடா?” என்றார்.

“மறந்துட்டேன் சார்.”

வண்டி கிளம்புகிறது, இத்தோடு முடிக்கிறேன். டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் பவுடர் தூவ வேண்டும். ஒரு டப்பா அனுப்பு. பாப்பாவுக்குப் போடுவாயே, அதே பவுடர். டியூபுக்குத்தான்.