ஆளில்லாத இடத்தில் சொன்ன பெயர்

1943 ஒக்டோபர் 18, திங்கள்

காலையில் புழுக்கம். பின்னேரம் பருவத்தின் முதல் மழை. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு.

செய்ய வேண்டியவை: மை கரைக்க. நான்காம் வகுப்புக் கொப்பிகள் திருத்த. வாசிகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்குத் தாள் வெட்ட. சைக்கிளுக்கு ரயர் (கிடைக்காது, சும்மா எழுதி வைக்கிறேன்).

யுத்தத்தில் தாளுக்கு எங்கே போக? பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கம்தான் இந்த மாத இதழ். வாசிகசாலைப் பிரசிடென்ட் முருகுப்பிள்ளை (இனி மு.; முழுப் பெயர் எழுதக் கை நோகிறது) "அச்சடிச்ச மாதிரி இருக்கவேணும் மாஸ்டர்" என்கிறார். எழுதுகிற கை என்னுடையது, சொல்லுகிற வாய் அவருடையது. இருப்பது ஒரே பிரதி. அதற்குப் பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு இரண்டு நாள். வாசித்தவர்கள் பின்னால் அபிப்பிராயப் பக்கத்தில் கருத்து எழுதிப் பெயர் போட வேண்டும் என்பது விதி.

துரைராசாவின் தொடர்கதையில் கடைசி அத்தியாயம் இன்னும் வரவில்லை. மனிதர் சீனன்குடா விமானத் தளத்தில் ஸ்டோர்ஸ் கிளார்க். 'வெண்மணல்' என்று புனைபெயர். யாரென்று எல்லோருக்கும் தெரியும். மூதூருக்கு ஆளேற்றுகிற லாஞ்சுப் படகில் ரிக்கற் கிழிக்கிற ஒருவன், அக்கரைப் பெண் ஒருத்தி. லாஞ்சு துறையில் முட்டி நிற்கிற ஐந்து நிமிடம்தான் அவர்களுக்கு. அதுவும் ஆட்கள் நடுவில், தெரியாதவர்கள்போல. பதினைந்து மாதமாக ஊரைக் கட்டி இழுக்கிறார். போன இதழில் மு.வே எழுதியிருக்கிறார்: "வாசித்து நானும் என் பாரியாரும் கண் கலங்கினோம்."

பாக்கியம் (இவளும் இனி பா.) குசினியிலிருந்து: "முடிவு வந்திட்டுதோ?" என் மனைவிக்கு என் வயிற்று வலியைவிட அதுதான் கவலை.

ஒக்டோபர் 20, புதன்

வெயில். பத்தரைக்கு விமானத் தாக்குதல் சங்கு. ஒத்திகைதான். பிள்ளைகள் பதுங்குகுழிக்குள் இறங்கி ஏழாம் வாய்பாடு சொன்னார்கள். ஒரு தேளும் வந்தது.

மு. இப்போது வார்டனும்கூட. தகரத் தொப்பி கிடைத்ததிலிருந்து நடையே வேறு. தன் வீதிக் குழியில் தலை எண்ணியிருக்கிறார், இரண்டு குறைவு. வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்து துரைராசாவின் அறைக் கதவைத் தள்ளியிருக்கிறார். உள்ளே அவரும் தையற்காரக் கனகுவும். இரண்டு வருடமாக அந்த அறையில் சேர்ந்து இருக்கிறவர்கள். வாடகையைப் பங்குபோட என்று நினைத்திருந்தோம்.

கண்டதை மு. வாய் திறந்து சொல்லவில்லையாம். ஆனால் மத்தியானத்துக்குள் சந்தை முழுக்கக் கதை. மீன் வாங்கும்போது எனக்குப் பின்னால் ஒருவர்: "புருசன் பெஞ்சாதி மாதிரியாம்."

பா.விடம் சொன்னேன். மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தவில்லை. "அப்பிடியோ" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒக்டோபர் 21, வியாழன்

இதை எங்காவது எழுதாவிட்டால் மண்டை வெடிக்கும்.

போன வருடம் குண்டு விழுந்த கையோடு பா.வை வெருகலுக்கு, அவள் தமையன் வீட்டுக்கு அனுப்பினேன். எட்டு மாதம். எனக்குக் கடிதம் எழுத வராது. சுகம், சுகமறிய ஆவல், கூப்பன் அரிசியில் புழு. மூன்றாவது வரியில் நின்றுவிடும். அந்த நேரம்தான் துரைராசாவின் கதையைப் பிரதி எடுக்கத் தொடங்கினேன். எடுத்த கையோடு இரண்டு மூன்று வரி கடிதத்துக்குள்ளும் போய்விட்டது.

அ) நீ இறங்கியதும் லாஞ்சு இலேசாகிவிடும் என்கிறார்கள். எனக்குப் பாரம். (லாஞ்சை வீடு என்று மாற்றினேன்.)

ஆ) உன் பெயரைச் சொல்ல ஆளில்லாத இடம் தேடிப் போனேன். கடலைப் பார்த்து நின்று ஒருமுறை சொன்னேன்.

பா. அந்தக் கடிதங்களை அலுமாரியில் கூறைச் சேலைக்குக் கீழே வைத்திருக்கிறாள். அவள் திரும்பி வந்த பிறகு எங்களுக்குள் ஏதோ நெகிழ்ந்தது. அதற்கு முன் ஏழு வருடம் இல்லாத ஒன்று. என் எழுத்தால் வந்தது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

கடலைப் பார்த்துச் சொன்ன அந்தப் பெயர் யாருடையது? கனகுவுடையது. ஓர் ஆணை நினைத்து ஓர் ஆண் எழுதியதை என் மனைவிக்கு அனுப்பியிருக்கிறேன். கூச்சமாக இருக்கிறது. பிறகு கோபம், ஏமாற்றிவிட்டான் என்று. களவெடுத்தது நான். கோபமும் எனக்கா?

ஒக்டோபர் 22, வெள்ளி

வாசிகசாலைக் கமிட்டி, பின்னேரம் ஐந்து மணி. ஐந்து பேர். தேத்தண்ணியில் சீனி இல்லை.

மு.: "எழுதினவன் ஆரெண்டு தெரியாமல் வாசிச்சம். தெரிஞ்ச பிறகு எப்பிடி வாசிக்கிறது? என்ர வீட்டிலை அவ அழுதவ. இப்ப, ஆருக்காக அழுதனான் எண்டு என்னைக் கேக்கிறா."

தபாற்கந்தோர்க்காரர்: "நேற்று மட்டும் நல்ல கதை. இண்டைக்கு எந்த வரி பழுதாப்போச்சு? ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம்."

மு. பக்கம் பக்கமாகப் புரட்டினார். காட்ட ஒன்றுமில்லை. "வரியில்லை. ஆள்" என்று மூடிவைத்தார்.

நான் வாய் திறக்கவில்லை. மு.தான் எங்கள் பள்ளிக்கூட மனேச்சரும். இதை எழுதும்போதுகூட அதை ஒரு சாட்டாகத்தான் எழுதுகிறேன்.

தீர்மானம்: பதினைந்து இதழிலும் அந்தப் பக்கங்களை வெட்டி எடுப்பது. முடிவைப் போடுவதில்லை. தீர்மானத்தை எழுதியது நான், கையெழுத்து நல்லதாம். வெட்டும் வேலையும் எனக்கு. ஐந்து பேரும் ஒப்பமிட்டோம். கேள்வி கேட்ட தபாற்கந்தோர்க்காரர் மூன்றாவது. நான் கடைசி. ஐந்திலும் என் பெயர்தான் வடிவாக இருந்தது.

எழும்பும்போது மு. போன இதழை வாங்கி, தான் கண் கலங்கியதை எழுதிய இடத்தில் மை ஊற்றினார். அது அடுத்த பக்கத்துக்கும் ஊறிவிட்டது.



ஒக்டோபர் 24, ஞாயிறு

தூறல். துரைராசா வந்தார். வாசலில் நின்றே கதைக்கப் பார்த்தார். பா. கதிரையை இழுத்துப் போட்டு "இருங்கோ" என்றதும் இருந்தார். தளத்தில் வேலையை நிற்பாட்டிவிட்டார்களாம். செவ்வாய் ரயிலில் கொழும்புக்கு.

மடித்த தாள்களை நீட்டினார். கடைசி அத்தியாயம். "போடமாட்டியள் எண்டு தெரியும் மாஸ்டர். முடிக்காமல் போக ஏலாமல் கிடந்தது."

நான் கேட்டதை நினைத்தால் இப்போது வெட்கம். "இவ்வளவும் ஆரை நினைச்சு எழுதினனீங்கள்?"

"கனகுவை. வேறை ஆரை?"

"அப்ப அந்தப் பொம்பிளை?"

"அவவை ஆம்பிளையா எழுதியிருந்தால் நீங்கள் பிரதி எடுத்திருப்பியளோ?"

இல்லை. அவருக்கும் தெரியும். பிறகு அவர் கேட்டார்: "நீங்கள் பிரதி எடுக்கேக்கை ஆரை நினைச்சனீங்கள்?"

"என்ர மனிசியை."

"அது போதும்" என்றார்.

கனகு எங்கே என்று விசாரித்தேன். "அவன்ர தமையன்மார் அண்டைக்கே வந்து கூட்டிக்கொண்டு போயிட்டினம். குச்சவெளிப் பக்கமெண்டு கேள்வி. ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? அந்தப் பேர் என்ர வாயிலை வந்தால் அவனுக்குத்தான் அடி விழும்."

தேத்தண்ணி குடித்து முடித்ததும் கோப்பையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தானே கழுவிக் கவிழ்த்தார். போய்விட்டார். கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை. பயம்தான் மிச்சம்.

ஒக்டோபர் 25, திங்கள்

மழை. அதனால் அரைநாள் பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்குச் சந்தோசம்.

கடைசி அத்தியாயம்: லாஞ்சை யுத்த வேலைக்கு எடுக்கிறார்கள். கடைசிப் பயணம். அவள் ரிக்கற்றை நீட்டுகிறாள், அவன் கிழிக்கிறான், பாதியைத் திருப்பிக் கொடுக்கிறான். அடுத்த ஆள் கையை நீட்டுகிறார். அவ்வளவுதான். இருவரையும் சேர்த்து வைக்கவில்லை.

நான் பிளேட்டால் பழைய இதழ்களை வெட்டத் தொடங்கினேன். பா. எதிரே சுளகில் அரிசிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாலாவது தாளில் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பேர் சொல்லுற இடம் வாறதை வெட்டாதேங்கோ."

எனக்கு முகம் சுட்டது. அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "அது உங்கட வரி இல்லையெண்டு எனக்கு வெருகலிலையே தெரியும்."

"எப்பிடி?"

"நீங்கள் என்ர பேரை நாளுக்கு நூறுதரம் கூப்பிடுறனீங்கள். உப்புக்கு, சவுக்காரத்துக்கு, ஒண்டுமில்லாததுக்கும். உங்களுக்கு என்னத்துக்கு ஆளில்லாத இடம்? வாய்விட்டுச் சொல்ல ஏலாத ஆரோ எழுதினதெண்டு அப்பவே நினைச்சனான்."

"கோவம் வரேல்லையோ?"

"இல்லை. எனக்கெண்டே எழுதினமாதிரிக் கிடந்தது. உங்கட பேரை நான் சொல்ல ஏலுமோ? கூப்பன் கந்தோரிலை புருசன்ர பேரென்ன எண்டு கேட்டால், பக்கத்திலை நிக்கிறவை எனக்காகச் சொல்லவேணும்." ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள். "கடிதம் வந்த அண்டைக்கு ஆத்தங்கரைக்குப் போனனான். ஒருத்தரும் இல்லை. ஒருக்காச் சொல்லிப் பாத்தனான்."

"என்னத்தை?"

"உங்கட பேரைத்தான்."

ஒன்பது வருடம் ஒரே வீட்டில். எனக்கு இது தெரியாது. அப்போதாவது பேசாமல் இருந்திருக்கலாம். "எழுதினவர் ஆரெண்டு இப்ப தெரிஞ்சிட்டுதே. இனியும் உமக்கு அந்த வரி பிடிக்குமோ?" என்று கேட்டேன்.

"முந்திப் பிடிச்சது. இப்ப விளங்குது."

பிறகு பிளேட்டைப் பார்த்தாள். "இதை வெட்டச் சொன்ன தீர்மானத்திலை நீங்களும் கையெழுத்துப் போட்டனீங்களோ?"

"ஓம்."

"நான் சொல்லிப் பாத்த அந்தப் பேரையோ கொண்டுபோய் அதிலை போட்டனீங்கள்?"

சுளகை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அரிசி பாதியில் கிடக்கிறது.

ஒக்டோபர் 26, செவ்வாய்

மழை விடவில்லை. ரயரில் காற்றில்லை, நடைதான்.

வெட்டிய மூன்று தாளையும் பசை போட்டு ஒட்டியாயிற்று. கோணல். பள்ளிக்கூடத்துக்கு முன் மு. வீட்டுக்கு. தீர்மானத்தில் என் பெயரை அடிக்க வேண்டும். விடமாட்டார். வேலை போனால் என்ன செய்வதென்று தெரியாது.

வெளிக்கிட்டபோது பா. குடையைக் கொண்டுவந்து தந்தாள். படலை வரை வந்தாள்.

"மைக்கூடு எடுத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

எடுக்க மறந்துவிட்டேன். அதற்குத்தான் திரும்பி வந்தேன். வந்த கையோடு இதை எழுதுகிறேன்.