இறக்கத்துக்கு இடம்

ஜூன் 3, செவ்வாய்

விடியலிலிருந்தே நச நசவென்று மழை. வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நாள். ஆறு மணிக்கு ஜீப்பைக் கிளப்பினேன். எங்கள் வீட்டிலிருந்து கம்பம் மெட்டு செக்போஸ்ட் கூப்பிடு தூரம். தாண்டியதும் இறக்கம். நாலாவது வளைவில் இவருக்கு ஒரு வாந்தி. அடிவாரத்தில் இன்னொன்று.

டீசல் வாடைதான். இருபத்தெட்டு வருஷம் இதே ஜீப்பில் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய மனுஷன். டீசல் மணக்காத சட்டை ஒன்று இவருக்குக் கிடையாது. இப்போது அந்த வாடை பட்டாலே குடல் புரள்கிறது.

கம்பம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். நாலு கிலோ கூடுதல். அத்தனையும் தண்ணீர். கிட்னி வேலை செய்யாத உடம்பு, குடித்தது குடித்தபடி உள்ளேயே நிற்கும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு சொம்பு அளந்து வைக்கிறேன். நான் அந்தப் பக்கம் திரும்பினால் குழாயில் வாய் வைக்கிறார். நர்ஸ் கத்தித் தீர்த்தாள்: "அண்ணே, இப்புடி ரொப்பிக்கிட்டு வந்தீங்கன்னா ஒருநா மெஷின்ல படுத்திருக்கையிலயே நெஞ்சு நின்னுரும், சொல்லிப்புட்டேன்." இவர் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

திரும்பி ஏறும்போது மூன்றாவது வாந்தி. ஓரங்கட்டி வாய் துடைத்துவிட்டேன். "அடுத்த வாட்டி நான் வரல பேச்சி. இம்புட்டுப் பாடுபட்டு உசுரக் கையில பிடிச்சு என்னாத்துக்கு?" என்றார். கியரைப் போட்டு ஏறினேன். கிளட்ச் மிதித்து மிதித்து இடது கால் மரத்திருந்தது.

ஜூன் 4, புதன்

மழை விட்டு விட்டு. வண்டன்மேடு ஷைனி டீச்சர் வீட்டுக்குப் போனேன். மகனோடு இருக்க வெளிநாடு போகிறார். மூன்று வருஷம் ஓட்டிய கரண்ட் கார், வெள்ளை நிறம், விற்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல் என்று சாவியைக் கையில் திணித்தார். நல்ல மனசு.

கணக்கு:
– ஜீப்பை விற்றால் பாதி. செக்போஸ்ட் பக்கம் ஒருவர் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.
– மீதிக்குப் போன சீசன் ஏலக்காய்ப் பணம், வளையல் இரண்டு.
– கம்பம் போய் வர ஜீப்புக்கு டீசல் முந்நூறுக்கு மேல். வாரம் மூன்று தடவை. கரண்ட் என்றால் நாற்பது ரூபாய்க்குள் என்கிறார் டீச்சர். இரண்டு தடவை கேட்டேன். அதேதான் சொன்னார்.
– பேட்டரிக்கு இன்னும் ஐந்து வருஷம் கம்பெனி பொறுப்பு. பேப்பரைப் பார்த்தேன்.
– பாதி மலையில் நின்றால்? இதற்கு மட்டும் பதில் இல்லை.

செக்போஸ்ட் டீக்கடையில் என் காது கேட்கவே ஒருத்தன்: "பேட்டரி காரா? பேரப்பிள்ளைக்கு வாங்குற சாமானப்பா அது." நானும் அவன் காது கேட்கவே ஒன்று சொன்னேன். இங்கே எழுதத் தக்கதல்ல.

சாயங்காலம் எலெக்ட்ரீஷியன் வந்தார். எங்கள் வீட்டு எர்த் சரியில்லையாம். எர்த் இல்லாமல் இந்த வண்டி ஒரு சொட்டுக் கரண்ட் குடிக்காதாம். கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, கம்பி இறக்கினார். மாவு கிரைண்டர் ஓடுகிற அதே பிளக்கில் சொருகினோம். பச்சை விளக்கு. ஒரு கார், செல்போன் மாதிரி சுவரோரம் நின்று சாப்பிடுகிறது! வாசலுக்கும் உள்ளுக்கும் நாலு தடவை நடந்தேன்.

இவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தையல் மெஷினு" என்றார்.

ஜூன் 5, வியாழன்

நல்ல வெயில். நாசமாய்ப் போன நாள்.

நூறு சதவீதம் ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினேன். திடீர் திடீரென்று எல்லாவற்றையும் அடைத்துவிடுகிற ஹர்த்தால் ஊர் இது. டேங்க் ரொம்பாமல் எங்கள் பக்கம் எவனும் படுக்க மாட்டான். செக்போஸ்ட் வரை பூப்போல வந்தது. சத்தமே இல்லை. இறக்கம் தொடங்கியதும் காலை எடுத்தேன். வண்டி நிற்கவில்லை. அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடுகிறது.

"ரெண்டாவதுல போட்டுப் பிடி!" என்று இவர் கத்தினார். ஜீப்புக்கு இறக்கத்தில் இன்ஜின்தான் பிரேக்.

"ரெண்டாவதே இல்லீங்க இதுல!"

"அப்ப எதுலதான்டி பிடிப்ப?"

மிதித்தேன், மிதித்தேன். ஆறாவது வளைவில் கருகல் நாற்றம். ஓரம் கட்டிக் கல் வைத்து, பிரேக் ஆறும்வரை அரை மணி நேரம் நின்றோம். குரங்குகள் வேடிக்கை பார்த்தன. இவர் முகத்தில் ஒரு திருப்தி. "சொன்னேன்ல? இது மலைக்கு ஆகாது. திருப்பிக் குடுத்துரு."

ஆனால் ஒன்று. வாந்தி இல்லை. போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை. ஏற்றத்தில் சீட்டைச் சாய்த்துத் தூங்கியே போனார். டயாலிசிஸ் முடிந்து வரும்போது இவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

வந்ததும் டீச்சருக்கு ஃபோன். எடுத்த எடுப்பில் கேட்டார்: "ஃபுல் சார்ஜ் ஆக்கியோ? அய்யோ பேச்சி, உச்சியில இருக்கிறவங்க ஃபுல் ஆக்கிட்டு எறங்கக் கூடாது. எறக்கத்துல காரு தன்னாலே கரண்டு உண்டாக்கும். அதுதான் வண்டியப் பிடிச்சு நிறுத்துறது. பேட்டரி ரொம்பியிருந்தா அந்தக் கரண்டு எங்க போகும்? எண்பதுல நிறுத்து. எறக்கத்துக்கு எடம் விடணும், கேட்டோ."

தலையில் அடித்துக்கொண்டேன். இவரிடம் சொன்னேன். "கத" என்று திரும்பிப் படுத்தார்.

ஜூன் 7, சனி

சாரல். இவர் வர மாட்டேன் என்றார். "இன்னிக்கு ஒருநா வாங்க. இன்னிக்கும் பிடிக்கலன்னா நாளைக்கே திருப்பிக் குடுத்துர்றேன், குலசாமி சத்தியமா." வந்தார். என்னைத் தோற்கடிக்கிற ஆசையில்தான்.

செக்போஸ்ட்டில் பேட்டரி 80 சதவீதம். இறக்கம். காலை எடுத்தேன். யாரோ பின்னாலிருந்து சேலை முந்தானையைப் பிடித்த மாதிரி வண்டி அடங்கியது. பிரேக்கைத் தொடவே இல்லை. முதல் வளைவு, இரண்டாம் வளைவு, தொடவே இல்லை. அப்புறம்தான் பார்த்தேன். எண் 81.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். 81தான். பாதி மலையில் 82. அடிவாரத்தில் 83! அடேயப்பா. இத்தனை வருஷம் இறங்கியிருக்கிறோம். எந்த வண்டியாவது இறங்கி முடித்தபோது டேங்கில் எண்ணெய் கூடியிருந்ததா? இந்த மலை இத்தனை காலம் சும்மா கொட்டிக் கொடுத்ததை எல்லாம் பிரேக்கில் தேய்த்துப் புகையாக்கி இருக்கிறோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதற்கென்றே தெரியவில்லை.

இவர் எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பி ஏறும்போது இன்னொரு அதிசயம். ஒன்பதாம் வளைவுக்குப் பக்கத்தில் ஒரு ஓடை விழுகிற சத்தம். கல்யாணமாகி வந்த நாளாய் இந்த வழி போகிறேன். அங்கே தண்ணீர் இருப்பதே தெரியாது. ஜீப் கேட்க விட்டதில்லை. நனைந்த இலை வாசம்கூட உள்ளே வந்தது. இவர் மூச்சு சீராக ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் 61.

எடை: இன்றைக்கும் நாலு கிலோ. நர்ஸ் கத்தவில்லை. பேசாமல் எழுதிக்கொண்டாள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

மேகமூட்டம். ஜீப் போய்விட்டது. ஸ்கூல் திறந்தாயிற்று, இன்றைக்கே வேண்டும் என்று நின்றார்கள். இவரைக் கேட்டேன். "குடுத்துத் தொல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிச் சொன்னார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் எழுந்து ஜன்னலுக்கு வந்தார். செக்போஸ்ட் வளைவில் கியர் மாற்றும் சத்தம். "கிளட்ச்ச அரைக்கிறான் பாரு, வெளங்காதவன்" என்றார். மதியம் சாப்பிடவில்லை. நானும்தான்.

ஜூன் 9, திங்கள்

பேய்க்காற்று. வாங்கினால் பேர் மாற்ற என்னென்ன பேப்பர் வேண்டும் என்று கேட்க டீச்சரோடு கட்டப்பனை போய் வந்தேன். சார்ஜ் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். வந்து போட்டுக்கொள்ளலாம் என்று மெத்தனம். வீட்டுக்கு வந்தபோது 26. பிளக்கைச் சொருகுகிறேன், பச்சை விளக்கு வரவில்லை. எங்கோ மரம் விழுந்து லைன் அறுந்துவிட்டதாம். ஊரே இருட்டு. நாளைக்கு டயாலிசிஸ். ஜீப்பும் இல்லை.

ஏறி வர இருபது வேண்டும். கையில் இருப்பது இருபத்தாறு. என் அவசரப் புத்திக்கு இவர் உயிரையா பணயம் வைத்தேன்?

ஜூன் 10, செவ்வாய்

மழையும் காற்றும். கரண்ட் வரவில்லை. இவரிடம் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். "கெளம்பு. நான் சொல்றபடி ஓட்டு" என்றார்.

முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜனவரியில் டயாலிசிஸ் தொடங்கிய பிறகு இவரை இப்படி நிமிர்ந்து பார்க்கவில்லை. "கால எடு… இன்னும் மிதிக்காத, பலாமரத்து வளைவு தானாவே மேடு தட்டும்… இப்ப விடு, விடு… லேசா… அங்கிட்டுக் குழி, ஒதுங்கிக்க…" மலையின் ஒவ்வொரு சரிவும் இவர் உள்ளங்காலில் இருக்கிறது. நான் கால், இவர் கண். அடிவாரத்தில் 30. நாலு கூடியிருக்கிறது! நான் ஒற்றையாய் இறக்கியபோது மூன்றுதான் கூடியது.

"பாத்தியா?" என்று சிரித்தார். சிரித்தார்! முன்பல் ஒன்று விழுந்திருப்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

ஆஸ்பத்திரி எதிரே ஓர் இட்லிக்கடை. அந்தக் கடைக்கார அம்மாவிடம் கிரைண்டர் பிளக்கைக் கேட்டேன். கார் என்றதும் முதலில் விழித்தார். விஷயத்தைச் சொன்னேன். "சொருகு தாயி. மிஞ்சிப்போனா ஃபீஸு போகும், உசுரா போகப்போகுது?" என்றார். சாமி கும்பிட்டுச் சொருகினேன். பச்சை.

மாடியில் இவருக்குக் குழாய் மாட்டி நாலு மணி நேரம். கீழே வண்டிக்கு வயர் மாட்டி நாலு மணி நேரம். நான் நடுவில் படியேறி இறங்கிக்கொண்டு. முடிந்தபோது 61. பணம் கொடுத்ததற்கு வாங்கவில்லை. நாலு இட்லியைக் கட்டிக் கொடுத்தார் அந்த அம்மா. நல்லா இருக்க வேண்டும்.

வார்டுக்குள் போகும்போது பக்கத்துப் படுக்கைக்காரரிடம் இவர் பேச்சு: "எங்க வண்டி மலை எறங்குனா எண்ணெய் ஊறும்யா. நெசமாத்தான். ஆனா ரொப்பிக்கிட்டு எறங்கப்பிடாது. ரொப்புனா பிடிக்காது, நேரா பள்ளத்துக்குத்தேன்."

எங்க வண்டியாம். வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, அப்புறம் உள்ளே போனேன்.

எடை: மூன்றே முக்கால்.

ஜூன் 11, புதன்

வெளுத்துவிட்டது. கரண்ட் காலை பத்துக்கு வந்தது. நான் தோட்டத்தில் கவாத்து பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் வண்டி ஏற்கெனவே பிளக்கில். மெல்ல நடந்து போய் இவரே சொருகியிருக்கிறார். அருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். 80 வந்ததும் பிடுங்கிவிட்டார்.

டீச்சர் ஃபோன். என்ன முடிவு என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் இவர் ஃபோனை வாங்கி, "எடுத்துக்கிறோம் டீச்சர்" என்றார். அவ்வளவுதான். வளையல் இரண்டும் நாளைக் கழித்து வங்கிக்கு.

சாயங்காலம் கட்டன் சாயா, பால் விடாத டீ. எப்போதும் சண்டை வருகிற நேரம். அரை டம்ளர் தந்தால் முழுசாகக் கேட்பார். சண்டை போடத் தெம்பில்லாமல் இன்றைக்கு முழுசாகவே ஊற்றி வைத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளினார்.

"என்னங்க, சூடு ஆறிருச்சா?"

"இல்ல. நாளைக்கு எறக்கம் இருக்குல்ல."

ஜூன் 12, வியாழன்

இளவெயில். வீட்டில் 80, அடிவாரத்தில் 84. எடை ஒன்றரை கிலோதான் கூடுதல். நர்ஸ் நம்பவில்லை. எடை மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள்.