அம்மாவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த கணக்கு

அன்புள்ள சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் தினம் இரண்டு வேளை சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அதற்குக்கூட நேரமில்லாமல் வேலையாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். அம்மா இல்லாமல் ஒரு மாதம் உன்னிடம் வந்து நிம்மதியாகக் குறட்டை விட வேண்டும் என்று, உன் பெயரையும் சேர்த்து ரகசியமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறேனே, அதற்கு வங்கியில் வேட்டு வைத்துவிட்டார்கள். கூட்டுக் கணக்கில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் விவரமெல்லாம் அந்த நாட்டு வரி அலுவலகத்துக்குப் போகுமாம், உன் வரி எண்ணும் கையெழுத்தும் மாதக் கடைசிக்குள் வராவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்களாம். எந்த அரசாங்கத்துக்கு வேண்டுமானாலும் தெரியட்டும், உன் அம்மாவுக்குத் தெரியாமல் இருந்தால் சரி என்று வங்கிக்குப் போனேன். தகவல்கள் ரகசியமாகக் காக்கப்படும் என்ற படிவத்தை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதியாம். என் காது சங்கதிதான் உனக்குத் தெரியுமே. மேலாளரம்மா மெதுவாகத்தான் ஆரம்பித்தார், நான் என்னம்மா, என்னம்மா என்று கேட்கக் கேட்க, டோக்கனோடு உட்கார்ந்திருந்த பதினாறு பேருக்கும் என் இருப்புத் தெரிந்துபோயிற்று. ஒரு பெரியவர், இவ்ளோதானா என்று என்னைப் பாவமாகப் பார்த்தார். கணக்கின் நோக்கம் என்ற கட்டத்தில் ‘மனைவி இல்லாத ஒரு மாதம்’ என்று நேர்மையாக எழுதித் தொலைத்திருந்தேன், அதையும் படித்தார். மூன்று பேர் கைதட்டினார்கள்.

அது போதாதென்று உறவில்லாத இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒன்று வங்கிக் காவலாளி போட்டார். இன்னொன்றுக்கு நம் தெரு தையல்காரரிடம் போனேன். படித்துவிட்டுச் சிரித்தார். என்னய்யா சிரிப்பு என்றேன், இந்த வாரம் உங்க வீட்லேர்ந்து இது ரெண்டாவது சார் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டுக்காரியா வந்தா என்று கேட்டால், ரகசியம்னா ரகசியம்தான் சார், ஆனா அவங்க மூணு மாசம்னு எழுதியிருந்தாங்க என்கிறார்.

அடி கள்ளி, அதிலும் கூட்டு நீதானே? உன்மேல் கோபமில்லை. வாயைத் திறக்காத ஒரே வங்கி நீதான். தையல்காரர் வாயை அடைக்க மூன்று சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

இருவரும் நன்றாக இருங்கள். உன் கையெழுத்தை வீட்டுக்கு அனுப்பாதே, தையல் கடைக்கு அனுப்பு. அம்மா படிவத்திலும் போட்டுக்கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் எழுதிய மூன்று மாதத்தை மட்டும் எப்படியாவது ஒரு மாதமாகத் திருத்திவிடு. எனக்குத் தாங்காது.

இப்படிக்கு,
ரகசியத்துக்கு லாயக்கில்லாத உன் அப்பா